குறைமாதக் குழந்தை: தலை நிற்பது முதல் நடப்பது வரை வீட்டில் செய்ய வேண்டியவை

இன்குபேட்டரில் இருந்து மீண்டு வீட்டுக்கு வந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் எடையைக் கேட்பார்கள். சில மாதம் போனதும் கேள்வி மாறும். "தலை நின்னுடுச்சா? இன்னும் குப்புற விழலையா? எங்க வீட்டுப் பாப்பா இந்த வயசுல உட்கார்ந்துட்டாளே!" அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு நடுவில் பெற்றோர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். சிலர் பதறிப்போய்த் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைப்பார்கள், அக்குளில் பிடித்துத் தூக்கி நிற்கவைப்பார்கள், வாக்கர் வாங்குவார்கள். வேறு சிலர் "குறைமாதக் குழந்தைதானே, போகப் போகச் சரியாகிவிடும்" என்று ஒன்றரை வருடம் காத்திருப்பார்கள். இரண்டில் அதிக நஷ்டம் தருவது இந்தக் காத்திருப்புதான்.

குழந்தை ஒரு அசைவை எப்போது செய்கிறது என்பதில் தாராளமாக இருக்கலாம். எப்படிச் செய்கிறது என்பதில்தான் கண் வேண்டும். கை இரண்டும் ஒன்றுபோல் அசைகிறதா, உடம்பு வில்லாக வளைகிறதா, கால் கத்தரிபோல் குறுக்காகப் போகிறதா என்பவை மாதக் கணக்கைவிட முக்கியம்.

முதலில் வயதைத் திருத்துங்கள்

கர்ப்பம் 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. உலகில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. இதற்குள்ளும் பெரிய வித்தியாசம் உண்டு. 27 வாரத்தில் பிறந்த குழந்தையின் பாதை வேறு, 36 வாரத்தில் பிறந்த குழந்தையின் பாதை வேறு. அதனால் "ஏழாம் மாசத்தில் பிறந்தது" என்ற கணக்கு போதாது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். எத்தனை வாரம், எத்தனை நாள் என்று அதில் எழுதியிருக்கும்.

அந்த வாரத்தை 40 இலிருந்து கழியுங்கள். 30 வாரத்தில் பிறந்திருந்தால் 10 வாரம், அதாவது சுமார் இரண்டரை மாதம் முன்னதாக வந்திருக்கிறது. பிறந்து 6 மாதம் ஆகியிருந்தால், வளர்ச்சிக் கணக்குப்படி அதன் வயது மூன்றரை மாதம்தான். மூன்றரை மாதக் குழந்தை குப்புற விழாமல் இருப்பது தாமதமே இல்லை. இதைத் திருத்திய வயது என்பார்கள். இந்தக் கட்டுரையில் இனி வரும் மாதக் கணக்கு எல்லாம் திருத்திய வயதுதான். வழக்கமாக 2 வயது வரை இப்படித் திருத்திப் பார்ப்பார்கள். தடுப்பூசியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பிறந்த தேதிப்படிதான் போட வேண்டும். "இரண்டு மாசம் தள்ளிப் போட்டுக்கலாம்" என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை தேறாது என்று ஒரு பேச்சு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது தவறு. வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குக் கூடுதல் பலம்தான். இந்தப் பேச்சைக் கேட்டு எட்டாம் மாதக் குழந்தையின் தாய் ஒருவரும் கலங்க வேண்டியதில்லை.

உடம்பு எதைத் தவறவிட்டது?

கடைசி மூன்று மாதங்களில் வயிற்றுக்குள் இடம் சுருங்கும். குழந்தை முழங்காலை மடக்கி, கையை மார்போடு சேர்த்து, முகவாயைத் தாழ்த்திச் சுருண்டு கிடக்கும். இந்த நெருக்கடியில்தான் உடம்பை மடக்கும் தசைகளுக்கு இறுக்கம் ஏறுகிறது. அது காலில் தொடங்கி மெல்ல மேலே கைக்கு வரும். நிறைமாதக் குழந்தையின் காலை நீட்டிவிட்டால் டக்கென்று திரும்ப மடங்கிக்கொள்வது இதனால்தான்.

28, 30 வாரத்தில் வெளியே வந்த குழந்தைக்கு அந்த இறுக்கம் இன்னும் வந்திருக்காது. துவண்டு, கை பக்கவாட்டில் விரிந்து, கால் தவளைபோல் அகன்று படுக்கையில் கிடக்கும். தாங்கிப் பிடிக்கக் கருப்பைச் சுவர் இல்லை. புவியீர்ப்பு விசை மட்டும் கீழே அழுத்திக்கொண்டிருக்கிறது. இப்படிப் பல வாரம் கிடந்தால் தோள்பட்டை பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். முதுகையும் கழுத்தையும் பின்னால் வளைக்கும் தசைகள் பலம் பெறும், முன்னால் மடக்கும் தசைகள் பின்தங்கும். தலையும் பக்கவாட்டில் தட்டையாகி நீளவாக்கில் தெரியலாம்.

இதில் ஏமாந்துபோகக் கூடிய இடம் ஒன்று இருக்கிறது. தோளில் போட்டதும் விறைப்பாகத் தலையைப் பின்னால் தூக்கும் குழந்தையைப் பார்த்து "இப்பவே கழுத்து நின்னுடுச்சு பாருங்க" என்று பாட்டி சந்தோஷப்படுவார். மடியில் நிறுத்தினால் காலை விறைத்து விரல் நுனியில் நிற்கும் குழந்தையைப் பார்த்து "சீக்கிரம் நடந்துடுவான்" என்பார்கள். பல சமயம் அது பலம் அல்ல, விறைப்பு. நல்ல கழுத்துப் பலம் உள்ள குழந்தை தலையைத் தூக்கவும் செய்யும், முன்னால் கொண்டுவரவும் செய்யும், இரண்டு பக்கமும் திருப்பவும் செய்யும். பின்னால் மட்டுமே தள்ளுகிற தலையை டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் நாம் செய்கிற வேலையை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். குழந்தை இழந்த மடக்கத்தை முதலில் திருப்பிக் கொடுக்கிறோம். கைகளை உடம்பின் நடுவுக்குக் கொண்டுவருகிறோம். அப்புறம்தான் தரை, புரளல், உட்காருதல் எல்லாம்.

மருத்துவமனையில் இருக்கும்போதே

குழந்தையைத் தாயின் மார்போடு தோல் தோலாக ஒட்டி அணைத்து வைப்பதுதான் கங்காரு முறைப் பராமரிப்பு. இது 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. இன்குபேட்டர் போதாத மருத்துவமனை ஒன்றில் தாயின் உடம்புச் சூட்டையே பயன்படுத்தினார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இதை முடிந்த அளவு சீக்கிரம் தொடங்கி, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லியிருக்கிறது. சூடு, தாய்ப்பால், நோய்த்தொற்றில் இருந்து பாதுகாப்பு என்று இதன் பலன்கள் பலருக்கும் தெரியும். அசைவு வளர்ச்சிக்கும் இது நல்ல தொடக்கம். தாயின் மார்பில் ஒட்டிக் கிடக்கும்போது கையும் காலும் மடங்கியே இருக்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும் முதல் முயற்சியும் அங்கேயே நடக்கும்.

செய்கிற முறை இது. குழந்தைக்குக் குல்லா, காலுறை, டயப்பர் மட்டும். உங்கள் மார்புக்கு நடுவில் நிமிர்ந்த நிலையில், தோல் தோலோடு படும்படி வையுங்கள். கால்கள் தவளைபோல் மடங்கியிருக்கட்டும். கைகளும் மடங்கி உங்கள் மார்பின் மேல் இருக்கட்டும். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, முகவாய் மார்பில் குத்தாதபடி லேசாக நிமிர்த்தி வையுங்கள். மூச்சு தடைபடாமல் இருக்க இது அவசியம். அதன்பின் துணியால் சுற்றிக் கட்டுங்கள். ஒருமுறை தலை வலப்பக்கம் என்றால் அடுத்த முறை இடப்பக்கம். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். அம்மாவுக்குச் சிசேரியன் என்றால் அப்பா செய்வது பெரிய உதவி.

வெளியே எடுக்க முடியாத நிலையில் இருந்தால், நர்ஸிடம் கேட்டுவிட்டு, சுத்தமான வெதுவெதுப்பான ஒரு கையைத் தலைமேலும் இன்னொரு கையால் மடக்கிய கால்களையும் அணைத்தபடி அசையாமல் வைத்திருங்கள். வருடாதீர்கள். மிகச் சிறிய குழந்தைக்கு வருடல் கூச்சமாகவும் தொல்லையாகவும் இருக்கும். அசையாத கை அமைதி தரும். ஊசி போடும் நேரத்தில் இப்படி அணைத்தால் வலியைத் தாங்கும். விரல்களை விறைப்பாக விரிப்பது, அடிக்கடி கொட்டாவி, விக்கல், முகத்தைத் திருப்பிக்கொள்வது, நிறம் மாறுவது எல்லாம் "போதும்" என்று குழந்தை சொல்கிற விதம். உடனே நிறுத்திவிடுங்கள். நிறம் மாறினால் நர்ஸைக் கூப்பிடுங்கள். இந்தச் சைகைகளைப் படிக்கப் பழகிவிட்டால் வீட்டில் பாதி வேலை எளிது.

இன்னொன்று: கண் பரிசோதனை. இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும் 2 கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளுக்கும், பிறந்து 4 வாரத்துக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. இதைத் தவறவிட்டால் பார்வையே போகலாம். பார்வை இல்லாத குழந்தை எதையும் எட்டிப் பிடிக்க முயலாது, அதனால் அசைவும் பின்தங்கும். காது கேட்கும் பரிசோதனையையும் வீட்டுக்குப் போகும் முன் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு மாதம்

தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். மருத்துவமனையில் குப்புறப் படுக்கவைத்திருப்பார்கள், நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே மானிட்டர் இருந்தது. வீட்டில் அது இல்லை. தூக்கத்திலேயே திடீரென மூச்சு நின்றுபோகும் ஆபத்து குறைமாதக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம். கெட்டியான, சமமான படுக்கை போதும். தலை வடிவத்துக்காகக் கடுகுத் தலையணை வைப்பது நம் வழக்கம். அது வேண்டாம். ஒரு தூக்கத்துக்குத் தலையை வலப்பக்கமும் அடுத்ததற்கு இடப்பக்கமும் திருப்பிப் படுக்கவையுங்கள். விழித்திருக்கும்போது குப்புறவும் ஒருக்களித்தும் இருந்தால் தலை தானாக உருண்டு வரும்.

தூளி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். குழந்தை சுருண்டு கிடப்பதால் அமைதியாகும் என்பது உண்மைதான். ஆனால் மிகச் சிறிய குழந்தைக்குத் தூளியில் முகவாய் மார்பில் மடிந்து மூச்சு தடைபடலாம். கழுத்து நன்றாக நிற்கும் வரை தூளியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். அதற்குப் பிறகும் விழித்திருக்கும் நேரத்தைத் தூளியில் கழிக்கவிடாதீர்கள். கையைக் காலை ஊன்ற அங்கே இடம் கிடையாது.

விழித்திருக்கும்போது ஒருக்களித்துப் படுக்கவைப்பதுதான் இந்த வயதில் மிக நல்ல பயிற்சி. முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுங்கள், கால்களை மடக்கிவிடுங்கள். ஈர்ப்பு விசை இப்போது உதவிக்கு வரும். இரண்டு கையும் தானாக முகத்துக்கு முன்னால் வந்து விழும். கையைப் பார்க்கும், வாயில் வைக்கும், ஒரு கையால் இன்னொரு கையைத் தொடும். ஒருமுறை வலப்பக்கம், அடுத்து இடப்பக்கம். பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். தூங்கிவிட்டால் மல்லாக்கத் திருப்பிவிடுங்கள்.

துணியில் சுற்றினால் கைகள் வாய்க்கு அருகில் வரும்படி சுற்றுங்கள். இடுப்பும் காலும் தளர்வாக மடங்கியிருக்க வேண்டும். காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டுக்குக் கேடு. தூக்கும்போதும் அக்குளில் கைகொடுத்துத் தொங்கவிடாமல், ஒருக்களித்துப் புரட்டி, சுருண்ட நிலையிலேயே தூக்குங்கள்.

குளிப்பாட்டும் விஷயத்தில் பெரியவர்களோடு மென்மையாகப் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கும். காலை நீட்டி அதன்மேல் குழந்தையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, கையைக் காலைக் குறுக்கே மடக்கி இழுத்து, மூக்கை நீவி, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது குறைமாதக் குழந்தைக்கு ஆகாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சாம்பிராணிப் புகையும் அந்த நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாது. அதே நேரம் எண்ணெய் தேய்ப்பது முழுக்கத் தவறு என்று சொல்லிப் பாட்டியை ஒதுக்க வேண்டாம். எடை ஏறி, டாக்டரும் சரி என்றபின், குளிரில்லாத அறையில் தேங்காய் எண்ணெயை மெதுவாக, ஆனால் கூச்சப்படாத அழுத்தத்தில் தேய்ப்பது நல்லதுதான். அதைப் பாட்டியின் வேலையாகவே கொடுத்துவிடுங்கள்.

குப்புறப் படுக்கப் பழக்குவது

குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குவதில்தான் கழுத்து, தோள், முதுகு எல்லாம் வேலை செய்யப் பழகும். தவழாத குழந்தைகளுக்கு விழித்திருக்கும் நேரத்தில் ஒரு நாளில் மொத்தமாகக் குறைந்தது 30 நிமிடம் குப்புறப் படுக்க வாய்ப்பு வேண்டும் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இதைக் கேட்டுவிட்டு முதல் நாளே அரை மணி நேரம் போட்டால் குழந்தை அலறும். நீங்களும் விட்டுவிடுவீர்கள்.

உங்கள் மார்பிலிருந்து தொடங்குங்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையை மார்பில் குப்புறப் போட்டுக்கொண்டு பேசுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். நாற்காலியில் எவ்வளவு சாய்கிறீர்களோ அவ்வளவு கடினமாகும், நிமிர்ந்தால் எளிதாகும். அதை வைத்துக் கூட்டிக் குறைக்கலாம். அடுத்து மடியில் குறுக்காகப் போடுங்கள். அதற்கும் அடுத்துத் தரையில் பாய் விரித்து, மார்புக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்துப் போடுங்கள். முழங்கைகள் தோளுக்கு நேராகவோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும். இது மிக முக்கியம். கைகள் பின்னால் போய்விட்டால் குழந்தை ஊன்ற முடியாமல் மீன்போல் வளைந்து துடிக்கும். கையை முன்னால் எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் உங்கள் கையை அதன் பின்பக்கத்தில் லேசாக அழுத்தி வையுங்கள். பாரம் பின்னால் போனால் தலை எளிதாக எழும்பும்.

தொடக்கத்தில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாளில் பல தடவை. டயப்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பால் குடித்த உடனே வேண்டாம். குறைமாதக் குழந்தைகள் பலருக்கு எதுக்களிப்பு உண்டு. நீங்களும் தரையில் படுத்து முகத்தை 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் வையுங்கள். அந்த வயதில் எந்தப் பொம்மையும் உங்கள் முகத்துக்கு ஈடில்லை.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்று பாடுவார்கள். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் குழந்தையை அங்கே பார்க்கலாம். ஒன்பதாம் மாதச் சப்பாணியில் இரு கையும் நடுவில் சேர்ந்து தட்டும். குழந்தையின் உடலைத் தரையில் வைத்து எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள்!

மூன்று மாதம்: தவறவிடக் கூடாத நேரம்

திருத்திய வயது மூன்று மாதம் ஆகும்போது ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இந்த வயதில் மல்லாந்து கிடக்கும் ஆரோக்கியமான குழந்தையின் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னதாக, எல்லாத் திசையிலும், இடைவிடாமல் ஓர் அசைவு ஓடிக்கொண்டிருக்கும். ஆஸ்திரியாவில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இதை நுட்பமாக ஆராய்ந்து ஒரு பரிசோதனை முறையாக்கினார்கள். மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் இந்த அசைவு இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. இல்லாவிட்டால் மூளைவாதத்தின் (செரிபிரல் பால்சி, அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது) அறிகுறியாக இருக்கலாம். நரம்பு பரிசோதனை, ஸ்கேன் இவற்றோடு சேர்த்துப் பார்த்தால், முன்பு ஒன்றரை இரண்டு வயதில் தெரிந்த பிரச்சினையை இப்போது ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க முடிகிறது.

வீடியோ எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். குழந்தை விழித்து, அழாமல், பசியில்லாமல் இருக்கும் நேரம் பாருங்கள். கை கால் தெரியும்படி மெல்லிய உடை போட்டு, தரையில் மல்லாக்கப் போடுங்கள். பொம்மை வேண்டாம், பேச்சு வேண்டாம், வாயில் சூப்பானும் வேண்டாம். போனை மேலிருந்து பிடித்து முழு உடம்பும் தெரியும்படி மூன்று முதல் ஐந்து நிமிடம் எடுத்தால் போதும். இதை நீங்களே பார்த்து முடிவு கட்டாதீர்கள். பயிற்சி பெற்ற கண் வேண்டும்.

கை, புரளல், உட்காருதல்

மூன்று முதல் ஐந்து மாதத்தில் கை திறக்க வேண்டும். மல்லாக்கப் படுத்திருக்கும்போது இடுப்புக்கு அடியில் மடித்த துண்டு வைத்துக் கால்களை மேலே தூக்கிவிட்டால், குழந்தை முதலில் முழங்காலைத் தொடும், பிறகு பாதத்தைப் பிடிக்கும், கடைசியில் கால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுவரும். பின்தங்கிய வயிற்றுத் தசைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. கிலுகிலுப்பை லேசானதாக இருக்கட்டும். ஒரே கைக்குக் கொடுக்காமல் நெஞ்சுக்கு நேரே காட்டுங்கள்.

புரள உதவும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு முழங்காலை மடக்கி மெல்ல மறுபக்கம் கொண்டுபோனால் இடுப்பு திரும்பும், தோளும் தலையும் தானாகத் தொடரும். பாதி வழியில் நிறுத்திக் காத்திருங்கள், மீதியை அது செய்யட்டும். இரண்டு பக்கமும் பழக்குங்கள்.

உட்காரவைக்க அவசரம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், பிடிக்காமல் உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். முட்டிபோட்டுத் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதம். சுமார் 4 சதவீதக் குழந்தைகள் தவழாமலே அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். இவ்வளவு அகலமான கால எல்லை இருக்கும்போது பக்கத்து வீட்டோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. சுற்றிலும் தலையணை அடுக்கி உட்காரவைத்த குழந்தை முதுகு கூனி, அசையாமல் இருக்கும். உங்கள் மடியில் இடுப்பைப் பிடித்து உட்காரவைத்தால் உங்கள் ஒவ்வொரு அசைவுக்கும் அது நிதானம் தேடும். அதன்பின் தரையில், கைகளை முன்னால் ஊன்றி. பிறகு பொருளைப் பக்கவாட்டில் வைத்துத் திரும்பி எடுக்கவைப்பது. திரும்பத் தெரிந்த குழந்தைக்கு உட்காருவதில் இருந்து தவழும் நிலைக்குப் போவது கடினமாக இருக்காது.

உணவு தொடங்கியதும் விரல்களுக்கும் வேலை வரும். குழைந்த சாதம், இட்லித் துண்டு என்று தானே எடுத்துத் தின்னவிடுங்கள். முதலில் உள்ளங்கையால் வாரும். ஒன்பது மாதத்துக்குப் பிறகு கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து பொறுக்கும். வேர்க்கடலை, பொட்டுக்கடலை மாதிரியான கெட்டிப் பொருள்கள் தொண்டையில் சிக்கும். அவை கிட்டவே வேண்டாம்.

நிற்பதும் நடப்பதும்

சக்கரம் வைத்து, நடுவில் குழந்தையை உட்காரவைக்கும் வாக்கர் வேண்டவே வேண்டாம். யார் பரிசாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது நடக்கக் கற்றுத் தராது. நுனிக்காலால் தள்ளிப் போகும் பழக்கத்தைத் தரும், ஏற்கெனவே காலை விறைக்கும் குழந்தைக்கு அது இரட்டைக் கேடு. படியில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா 2004இல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. நம் மர நடைவண்டி வேறு விஷயம். குழந்தை தானே பிடித்து எழுந்து, பாதம் முழுக்கப் பதிய நின்று, கட்டிலைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியபின் அதைக் கொடுக்கலாம். சக்கரம் வேகமாக ஓடாமல் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் செருப்பு தேவையில்லை. வெறுங்காலில்தான் தரையைப் பிடிக்கப் பாதம் கற்றுக்கொள்ளும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடத்துவதற்குப் பதிலாக, இடுப்பைப் பிடியுங்கள் அல்லது முன்னால் மண்டியிட்டுக் கூப்பிடுங்கள். தனியாக நடப்பதற்கான எல்லை 8.2 முதல் 17.6 மாதம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

கீழே சொல்வதில் எது தெரிந்தாலும் அடுத்த தடுப்பூசி நாள் வரும் வரை பொறுக்காமல் காட்டுங்கள். எல்லாம் திருத்திய வயதுப்படி:

- 4 மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, அல்லது கை எப்போதும் மூடிய முஷ்டியாகவே இருக்கிறது.
- 8 மாதம் ஆகியும் உட்காரவில்லை (மேலே சொன்ன 9.2 மாத எல்லை வரை பொறுக்காமல் இப்போதே காட்டுங்கள்), 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை.
- 1 வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது. "இடக்கைப் பழக்கம் போல" என்று விட்டுவிடாதீர்கள். மறுகை ஏன் சும்மா இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.
- டயப்பர் மாற்றும்போது கால் விரிய மறுக்கிறது, நிற்கவைத்தால் கால்கள் கத்தரிபோல் குறுக்காகப் போகின்றன.
- அடிக்கடி உடம்பை வில்லாகப் பின்னால் வளைக்கிறது, அல்லது துணிபோலத் துவண்டு கிடக்கிறது.
- முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்வதில்லை.

இவற்றில் ஒன்று இருந்தாலே மூளைவாதம் என்று அர்த்தமில்லை. குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு முதல் வருடத்தில் தசை இறுக்கம் கூடி, ஒன்றரை வயதுக்குள் தானாகக் குறைவதும் உண்டு. ஆனால் எது குறையும், எது குறையாது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் நோயின் பெயர் உறுதியாகும் வரை காத்திராமல் பயிற்சியைத் தொடங்கிவிடுவதே நல்லது. விளையாட்டாகச் செய்யும் பயிற்சியால் நஷ்டம் ஒன்றுமில்லை. மூளை வேகமாக வளரும் இந்த மாதங்கள் திரும்ப வராது. டானிக் கொடுத்தால் நடந்துவிடும் என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்குப் போகும் பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? பிறந்த மருத்துவமனையின் தொடர் கண்காணிப்புப் பிரிவுதான் முதல் இடம். அரசு வழியில், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் டிஇஐசி எனப்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்களை ஒரே இடத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வழி தெரியாவிட்டால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். அங்கன்வாடியிலும் சொல்வார்கள்.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, தலை ஸ்கேன் முடிவு, கண் மற்றும் காது பரிசோதனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். போனில் இரண்டு வீடியோ இருக்கட்டும், மல்லாந்து கிடப்பது ஒன்று, குப்புறக் கிடப்பது ஒன்று. ஆஸ்பத்திரியில் குழந்தை தூங்கிவிட்டாலோ அழுதாலோ அவை கைகொடுக்கும். சிகிச்சையாளர் காட்டும் ஒவ்வொரு பயிற்சியையும் அவர் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள். குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால், பாட்டியையும் கூட்டிப்போய் அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.